புள்ளியியல் பேராசான் மகாலனோபிஸ்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழர் மரபு. ஆயினும் அவ்விரு கண்களும் எல்லோருக்கும் திறந்து விடப்படவில்லை என்பதை நம் சமுதாயம் நன்கறியும். எழுத்தறியாமையால் நம் முன்னோர் பலர் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தனர். எண்ணறியாமையால், களத்தில் அளந்து போட்ட கூலி நெல் குறைந்ததா நிறைந்ததா என்று கேட்க இயலாமல் நின்றனர். எழுத்தின் பயனை இன்று நாம் உணர்ந்துள்ளோம்; எண்ணின் பயனை இன்னும் முழுமையாக உணர்ந்தோமில்லை. ஆகவே, நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், எண்களையே தம் வாழ்வாகக் கொண்டு, அவற்றைக் கற்பிப்பதையும் ஆராய்வதையும் ஒரு தனிப் பணியாகவே இந்நாட்டில் நிலைநாட்டிய பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றேன். அவரே பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் ஆவார்.

குடும்பமும் இளமையும்

மகாலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தா மாநகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரண் 1854ஆம் ஆண்டில் விக்கிரமபுரத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர். மருந்துக் கடை வைத்து முன்னுக்கு வந்த அவர் பிரம்ம சமாஜத்தில் ஈடுபட்டு, உருவ வழிபாட்டையும் சாதிக் கட்டுப்பாட்டையும் துறந்தார். கைம்பெண் மறுமணத்தைச் சமூகம் பழித்த அக்காலத்தில் தாமே ஒரு கைம்பெண்ணை மணந்து, சொல்லும் செயலும் ஒன்றெனக் காட்டினார். தந்தை பிரபோத சந்திரர் வணிகம் செய்தார். பெரிய தந்தையார் சுபோத சந்திரர் மாநிலக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக விளங்கினார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். மகாலனோபிஸ் பிறந்த வீட்டில் நூல்கள் இருந்தன, கற்றவர்கள் இருந்தனர், இரவீந்திரநாத தாகூர் போன்ற பெரியோரின் தொடர்பு இருந்தது. நம் பிள்ளைகள் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். சிலர் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். ஆகவே அவர் ஏறிய படிக்கட்டும் நம் பிள்ளைகள் ஏறும் படிக்கட்டும் ஒன்றல்ல. தமக்குக் கிட்டிய வாய்ப்பைக் கொண்டு அவர் பிறருக்கு எத்தகைய வழியை உண்டாக்கினார் என்பதே நாம் அவர் வாழ்வில் நோக்கத்தக்கது.

பிரம்ம சமாஜத்தின் பள்ளியில் பயின்று, 1908இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். 1912இல் இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்று, மறு ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இலண்டனில் பயிலக் கருதிச் சென்ற அவர், கேம்பிரிட்ஜ் நகரைக் காணப் போன இடத்தில் கடைசி இரயிலைத் தவறவிட்டு, நண்பர் வீட்டில் தங்க நேர்ந்தது. அந்நகரின் கிங்ஸ் கல்லூரி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. மறுநாளே விண்ணப்பித்து அங்கேயே இடம் பெற்றார்.

இராமானுஜனின் தோழர்

கேம்பிரிட்ஜில் மகாலனோபிஸுக்குக் கிடைத்த அரிய நட்பு நம் தமிழகத்துக் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் நட்பாகும். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1914இல் இங்கிலாந்தை அடைந்தார். குளிர் தாங்காமல் வருந்திய அவர், படுக்கையில் விரித்திருந்த கம்பளிகளுக்குள்ளே நுழைந்து உறங்க வேண்டும் என்பதை அறியாமல், அவற்றின் மேலேயே படுத்திருந்தார். அதனைக் கண்டறிந்து, கம்பளிகளை விலக்கி உள்ளே படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தவர் மகாலனோபிஸ்.

ஒரு நாள் மகாலனோபிஸ் இதழொன்றில் வந்த கணக்கைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் 1 முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகை வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் உண்டு. அந்த வீட்டின் எண் யாது? 288 வீடுகளில் 204ஆம் வீடு என்பதே விடை. மகாலனோபிஸ் இந்த ஒரு விடையைக் கண்டார். இராமானுஜனோ, அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே, இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் ஒரே விடையைக் கூறினார். இக்கணக்கை நம் மாணவர்கள் தாமே போட்டுப் பார்த்தால், எண்களோடு பழகுவதன் இன்பம் விளங்கும்.

1915இல் மகாலனோபிஸ் இயற்பியலில் தேர்ச்சி பெற்றுத் தாயகம் திரும்ப ஆயத்தமானார். உலகப் போர் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் பொழுது போக்கியவருக்கு, அவருடைய ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் ஆய்விதழின் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களின் அளவுகளைக் கணித வழியில் ஆராயும் இதழ் அது. அத்தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். இயற்பியல் ஆசிரியராக வரவேண்டியவர் புள்ளியியல் அறிஞராகக் கரையிறங்கிய வரலாறு இதுவே.

ஓர் ஆசிரியர், ஓர் அறை

நாடு திரும்பியவர் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக அமர்ந்தார். போர்க்காலத்தில் ஆள் இல்லாத இடத்தைச் சிறிது காலம் நிரப்பச் சென்ற அவர், 1948 வரை, அதாவது முப்பதாண்டுகளுக்கும் மேலாக, அக்கல்லூரியிலேயே பணிபுரிந்தார். இறுதி ஆண்டுகளில் அதன் முதல்வராகவும் விளங்கினார்.

அக்காலத்தில் புள்ளியியல் என்றொரு பாடம் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனியே இல்லை. அதற்கெனத் துறையில்லை, பட்டமில்லை, பதவியுமில்லை. ஆகவே பகலில் இயற்பியல் கற்பித்து, எஞ்சிய நேரத்தில் தம் அறையிலேயே புள்ளியியல் ஆய்வு செய்தார். அவ்வறையே புள்ளியியல் ஆய்வுக்கூடம் எனப் பெயர் பெற்றது. பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்களை ஆராய்வது அவரது தொடக்க காலப் பணிகளுள் ஒன்று.

1922இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் வந்தது. நீரைத் தேக்கி வைக்கும் பெரும் பள்ளங்களை மிகுந்த செலவில் அமைக்கலாம் என்பது பொறியாளர் கருத்து. மகாலனோபிஸ் ஐம்பதாண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, அப்பள்ளங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்தபோது, ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, ஆதலால் கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர். அவர் அறுபதாண்டுக் கணக்குகளைச் சோதித்துப் படுகை உயரவில்லை என்று கண்டு, மேற்பகுதியில் அணை கட்டுவதே வழி என்றார். மகாநதியின் குறுக்கே 1957இல் நிறைவுற்ற ஹிராகுட் அணைக்கு அவருடைய கணக்கீடுகளும் அடிப்படையாயின.

தாமிரபரணிப் பாசனத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் நம் அண்டை ஊராகிய காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், திருவைகுண்டத்திற்குக் கீழுள்ள ஊர்கள் தீவுகளானதையும் நாம் கண்டோம். தாழ்நிலத்தில் குடியிருப்போரே வெள்ளத்தில் முதலில் வீடிழப்பர். அவர்கள் எங்கே குடியிருக்கலாம், நீர் எங்கே வடியும் என்பதை ஊகத்தால் அன்றி, ஆண்டாண்டாகக் குறித்து வைத்த கணக்கால் முடிவு செய்ய வேண்டும் என்பதே அப்பேராசிரியர் நூறாண்டுகளுக்கு முன் காட்டிய நெறி.

சாதியை அளந்த அளவுகோல்

அவர் வாழ்வில் நம் சமுதாயம் சிறப்பாக அறிய வேண்டிய பகுதி ஒன்றுண்டு. ஆங்கில ஆட்சியின் குடிக்கணக்கு அதிகாரியாயிருந்த ரிஸ்லி என்பவர், மூக்கின் நீள அகலத்தை அளந்தே ஒருவருடைய சாதியின் உயர்வு தாழ்வைக் கூறிவிடலாம் என்று கருதினார். சாதி என்பது இனத்தால், இரத்தத்தால் அமைந்தது என்னும் கொள்கைக்கு இது விஞ்ஞானப் போர்வை போர்த்தியது.

மகாலனோபிஸ் 1920இல் நாகபுரியில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டில் விலங்கியல் அறிஞர் அன்னண்டேலைச் சந்தித்தார். அவர் தந்த உடலளவுகளை ஆராய்ந்து 1922இல் முதற்கட்டுரை வெளியிட்டார். பின்னர் வங்கத்துச் சாதிகளின் அளவுகளை ஒப்பிட்டார். வங்கத்துப் பிராமணர் பிற மாநிலத்துப் பிராமணரைக் காட்டிலும் வங்கத்திலேயே வாழும் பிற சாதியாரைத்தான் பெரிதும் ஒத்திருக்கின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. 1933இல் ரிஸ்லி வெளியிட்ட அளவுப் பட்டியல்களையே எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்த பிழைகளைத் திருத்தி வெளியிட்டார்.

இவ்வாய்வுகளின் விளைவாக 1936இல் தோன்றியதே உலகம் முழுவதும் இன்று மகாலனோபிஸ் தொலைவு என வழங்கும் அளவை. அதன் கருத்தை எளிதாகச் சொல்லலாம். உயரமும் எடையும் தனித்தனியே நிற்பவையல்ல. உயர்ந்தவர் பெரும்பாலும் எடை மிக்கவராக இருப்பர். ஆகவே உயரமும் எடையும் சேர்ந்து மிக்கவர் நமக்கு வியப்பளிப்பதில்லை. மிக உயர்ந்து, மிகக் குறைந்த எடையுடன் ஒருவர் வந்தால் அவரே கூட்டத்திலிருந்து விலகி நிற்பவர். பல அளவுகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவையும் கருத்திற்கொண்டு, இரண்டு தொகுதிகள் எவ்வளவு விலகியுள்ளன என்பதை ஒரே எண்ணால் கூறுவது இம்முறை. இன்று தரவு அறிவியல் எனப் போற்றப்படும் துறையில், திரளான பதிவுகளுக்கிடையே இயல்புக்கு மாறானதைக் கண்டுபிடிக்க இதுவே கருவியாகிறது.

சாதி வரிசைக்கும் உடலளவுக்கும் சில ஒற்றுமைகளை அவருடைய ஆய்வுகளும் காட்டாமலில்லை. ஆனால் தொலைவு என்பது மேல் கீழ் அறியாதது. திருச்செந்தூரிலிருந்து நெல்லைக்கு எவ்வளவு தொலைவோ, நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கும் அவ்வளவே. ஒருவர் மற்றவரிலிருந்து வேறுபட்டவர் என்று கூறலாமேயன்றித் தாழ்ந்தவர் என்று கூற எந்த அளவுகோலுக்கும் அதிகாரமில்லை. அண்ணல் அம்பேத்கரும் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய தம் நூலில், உடலளவு விவரங்களைக் கொண்டே, பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்று வாதிட்டார். இழிவுபடுத்த எடுத்த அளவுகோலையே இழிவைத் துடைக்கவும் கையாண்ட பெருமை அவரைச் சாரும்.

கழகமும் கல்வித்துறையும்

1931 டிசம்பர் 17இல் கூடிய கூட்டத்தின் முடிவின்படி இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றி, 1932 ஏப்ரலில் பதிவு பெற்றது. முதலாண்டில் அதன் செலவு 250 ரூபாயைக்கூட எட்டவில்லை. பகுதிநேரக் கணக்கீட்டாளர் ஒருவரே ஊழியர். 1933இல் சங்க்யா என்னும் ஆய்விதழை மகாலனோபிஸ் தொடங்கினார். எண் என்பதையும் தெளிந்த அறிவு என்பதையும் ஒருங்கே குறிக்கும் பெயர் அது.

பணம் இல்லாதபோதும் ஆட்களைத் தேடும் பணியை அவர் நிறுத்தவில்லை. கணிதத்தில் வல்ல இளைஞர்களை அழைத்து வந்து புள்ளியியலில் பழக்கினார். ராஜ சந்திர போஸ், சமரேந்திரநாத ராய் ஆகியோர் அவ்வாறு வந்தவர்கள். 1941இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலுக்கென முதுகலைத் துறை அமைந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. அதன் பொறுப்பையும் அவரே ஏற்றார். அன்றுதான் புள்ளியியல் ஆசிரியர் என்னும் பதவிக்கு இந்நாட்டில் முறையான அடித்தளம் அமைந்தது எனலாம்.

அத்துறையின் முதல் மாணவர் குழுவில் ஒருவர் சி. ஆர். ராவ். பத்துப் பிள்ளைகளில் எட்டாமவராகப் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றபின், போர்க்கால வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்தார். அவ்வேலை கிட்டவில்லை. அங்கே தங்கியிருந்தபோது இக்கழகத்தைப் பற்றிக் கேள்வியுற்று, 1941 சனவரியில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1943இல் முதுகலைப் பட்டம். 1945இல், இருபத்தைந்து வயதில், உலகப் பாடநூல்கள் எல்லாவற்றிலும் இடம்பெற்ற ஆய்வுக் கட்டுரை. 2023இல் புள்ளியியலுக்கான பன்னாட்டுப் பரிசு பெற்று, அவ்வாண்டிலேயே நூற்றிரண்டு வயதில் அவர் மறைந்தார். வேலை கிடைக்காத ஓர் இளைஞருக்குத் திறந்த ஒரு கதவு, எண்பதாண்டுக் காலம் உலகுக்கு விளக்காயிற்று.

ராவின் பெயரோடு ஒரே தேற்றத்தில் இணைந்து நிற்கும் மற்றொரு பெயர் டேவிட் பிளாக்வெல். அமெரிக்கக் கறுப்பினத்தவரான அவர் 1941இல் தம் இருபத்திரண்டாம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார். 1942இல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவரை அமர்த்தும் பேச்சு எழுந்து, நிறத்தின் காரணமாகவே கைவிடப்பட்டது. வெள்ளையர் கல்லூரிகள் தம்மை ஏற்கமாட்டா என்று கருதி, கறுப்பினத்தவர் கல்லூரிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு விண்ணப்பம் எழுதினார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகள் கற்பித்தபின், முன்பு மறுத்த அதே பெர்க்கிலி அவரைப் பேராசிரியராக ஏற்றது. 1965இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். ஆசிரியப் பதவி ஒருவருக்குத் தரப்படுவதும் மறுக்கப்படுவதும் எத்துணைப் பெரிய செய்தி என்பதை இவ்விருவர் வாழ்வும் ஒருங்கே உணர்த்துகின்றன.

ஊரும் சேரியும் ஒன்றெனக் கொண்ட கணக்கு

மகாலனோபிஸின் பணிகளுள் ஏழை மக்களுக்கு மிக நெருக்கமானது மாதிரிக் கணக்கெடுப்பு முறையாகும். பானையிலுள்ள சோற்றின் பதம் அறிய நம் தாய்மார் எல்லாப் பருக்கையையும் நசுக்கிப் பார்ப்பதில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் அகப்பையால் அடிவரை கிளறி விடுவர். கிளறாமல் மேலே கிடப்பதை மட்டும் எடுத்தால், அடியில் குழைந்ததும் நடுவில் வேகாததும் தெரியாமலே போகும். அந்தக் கிளறுதலே புள்ளியியலின் உயிர்நிலை.

ஓர் ஊருக்குக் கணக்கெடுக்க வரும் அலுவலர், தம் விருப்பப்படி வீடுகளைத் தேர்ந்தால் என்ன நேரும்? பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலுள்ள வீடுகள், திண்ணையும் நாற்காலியும் உள்ள வீடுகள், காப்பி கொடுக்கும் வீடுகள் ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிடும். ஊருக்கு வெளியே, வரப்பைத் தாண்டி, சேற்றில் இறங்கிச் செல்ல வேண்டிய சேரியின் பசி அக்கணக்கில் ஏறாது. குலுக்கல் முறையில் எண்கள் விழும்போதோ, எந்த வீடு என்பதை அலுவலர் தீர்மானிப்பதில்லை. எண் விழுந்த வீட்டுக்கு அவர் போயே ஆகவேண்டும். அது சேரியின் கடைசிக் குடிசையாயினும் சரியே.

இதனினும் நுட்பமான ஒரு காவலையும் மகாலனோபிஸ் அமைத்தார். ஒரே பகுதியைத் தனித்தனியே தேர்ந்த இரண்டு மாதிரிகளாகப் பிரித்து, ஒருவரையொருவர் அறியாத இரு குழுவினரிடம் ஒப்படைத்தார். இரண்டின் விடைகளும் பெரிதும் மாறுபட்டால் எங்கோ தவறு நேர்ந்துள்ளது என்பது வெளிப்பட்டுவிடும். வீட்டிலிருந்தபடியே படிவத்தை நிரப்புவோர்க்கு இது பெரிய தடையாயிற்று. 1937இல் வங்கத்துச் சணல் பயிரின் பரப்பை அறியச் சிறிய அளவில் தொடங்கி, 1941க்குள் மாநிலம் முழுவதற்கும் இம்முறையை விரிவாக்கினார். முழுக் கணக்கெடுப்புக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதுமானதாயிற்று.

1943இல் வங்கத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மாண்டவர் இருபது முதல் முப்பது இலட்சம் என்று ஆய்வாளர் கணிப்பர். அப்பஞ்சத்தின் பின்விளைவுகளைப் புள்ளியியல் கழகம் 1944, 45ஆம் ஆண்டுகளில் சிற்றூர்தோறும் சென்று மாதிரி முறையில் ஆராய்ந்தது. நிலமற்ற விவசாயக் கூலிகளும் மீனவரும் கைத்தொழிலாளருமே மிகுதியாக அழிந்தனர் என்பது எண்களால் மெய்ப்பிக்கப்பட்டது. பஞ்சம் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்கியது என்று இனி எவரும் கூற இயலாதவாறு அக்கணக்கு நிலைத்துவிட்டது.

நாடு விடுதலை பெற்றபின், 1949இல் அவர் அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகரானார். 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதற்சுற்று தொடங்கியது. சிற்றூர் மக்கள் என்ன உண்கின்றனர், எவ்வளவு செலவிடுகின்றனர், என்ன தொழில் புரிகின்றனர் என்பவை வீட்டு வாசலிலேயே கேட்டுப் பதியப்பட்டன. வறுமைக் கோடு பற்றிப் பிற்காலத்தில் நிகழ்ந்த ஆய்வுகளுக்கெல்லாம் இக்கணக்கெடுப்பே ஊற்று. தாழ்த்தப்பட்டோர் நிலையைத் தனியே பிரித்துக் காட்டும் பட்டியல்களும் பின்னாளில் இதிலிருந்தே கிடைத்தன.

எண்ணிக்கை என்பது உரிமை என்பதை அண்ணல் அம்பேத்கர் 1932லேயே உணர்த்தினார். அவர் உறுப்பினராயிருந்த லோதியன் குழுவின் முன், தங்கள் மாகாணத்தில் தீண்டப்படாதார் மிகச் சிலரே என்று மேல்சாதியார் சாதித்தனர். எண்ணிக்கையைக் குறைத்தால் உரிமையும் குறையும் என்பதே அதன் உட்கருத்து. 2021இல் நடந்திருக்க வேண்டிய குடிக்கணக்கு தள்ளிப்போய், 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டது. அதில் சாதி விவரமும் திரட்டப்படும் என்று 2025இல் அரசு அறிவித்தது. யார் எண்ணுகின்றனர், எவ்வாறு எண்ணுகின்றனர் என்னும் கேள்வி பழைய கேள்வியன்று.

திட்டமும் திறனாய்வும்

1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை உருவாக்கியவரும் மகாலனோபிஸே. கனரகத் தொழில்களுக்கு அதில் முதலிடம் தரப்பட்டது. பொருளியல் அறிஞர் பி. ஆர். ஷெனாய் அப்போதே இதனை எதிர்த்து மாறுபட்ட குறிப்பு அளித்தார். வேளாண்மைக்குப் போதிய கவனம் தரவில்லை என்னும் குறையும் எழுந்தது. பெரியோரின் வரலாற்றை எழுதும்போது இவற்றையும் கூறுவதே முறை. கணக்கு எவ்வளவு செம்மையாக இருப்பினும், எதற்கு முதலிடம் என்பதைக் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. அதனை மக்களே முடிவு செய்தல் வேண்டும்.

1956இல் அவருடைய கழகத்திலேயே இந்தியாவின் முதல் இலக்கமுறைக் கணிப்பொறி நிறுவப்பட்டது. 1959இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, அக்கழகத்தைத் தேசியச் சிறப்புடைய நிறுவனமாக்கிப் பட்டம் வழங்கும் உரிமையும் அளித்தது. ஓர் அறையில் பகுதிநேர ஊழியர் ஒருவருடன் தொடங்கிய பணி, இருபத்தெட்டே ஆண்டுகளில் இந்நிலையை எய்தியது. சென்னையில் பயின்று பின்னர் அங்கே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த எஸ். ஆர். எஸ். வரதன் 2007இல் கணிதத்தின் உயரிய ஏபெல் பரிசைப் பெற்றார். அவர் தந்தையார் பொன்னேரியில் பள்ளித் தலைமையாசிரியராயிருந்தவர் என்பதை ஒரு தலைமையாசிரியன் என்னும் முறையில் மகிழ்வோடு குறிப்பிடுகின்றேன்.

மகாலனோபிஸ் 1945இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1968இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1972 ஜூன் 28இல், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முதல்நாள், கல்கத்தாவில் மறைந்தார். அவருடைய பிறந்தநாளாகிய ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நம் பிள்ளைகளுக்கு

மாணவச் செல்வங்களே! கணக்கு வராது என்று பத்தாம் வகுப்போடு அதனைக் கைவிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றேன். அவர்களுள் பலர் கடைக் கணக்கையும் கூலிக் கணக்கையும் மனத்திலேயே போட்டுவிடுவர். வராதது கணக்கன்று, அஞ்சாமல் கேட்கும் துணிவே. மேல்நிலை வகுப்பில் கணிதத்தையோ, வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்னும் பாடத்தையோ விரும்பி எடுங்கள். கல்லூரியில் கணிதம் அல்லது புள்ளியியல், அதன்மேல் முதுகலை, அதன்பின் தேசியத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ, முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறினால், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் ஆராயவும் உரிய பதவியை அடையலாம். நம் நெல்லையிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே புள்ளியியல் துறை உண்டு. இந்தியப் புள்ளியியல் கழகம் நுழைவுத் தேர்வின் வாயிலாக மாணவரைச் சேர்க்கின்றது. புள்ளியியல் தரவு அறிவியலில் இளநிலைப் படிப்பையும் 2024இல் தொடங்கியுள்ளது. இந்தியப் புள்ளியியல் பணிக்கென மத்தியத் தேர்வாணையம் தேர்வு நடத்துகின்றது. தாழ்த்தப்பட்டோருக்கு மத்தியப் பணிகளில் 15 விழுக்காடும், தமிழகத்தில் அருந்ததியர்க்கான உள் ஒதுக்கீடு உட்பட 18 விழுக்காடும் இட ஒதுக்கீடு உண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு. தகுதியுடையோர் விண்ணப்பிக்காமையால் ஓரிடம் நிரம்பாமற் போனால், அது நம் சமுதாயத்தின் இழப்பாகும்.

இன்று கணிப்பொறிகள் திரளான விவரங்களைக் கொண்டு, யாருக்குக் கடன் தருவது, யாரை வேலைக்கு அழைப்பது என்பவற்றையும் கணிக்கத் தொடங்கியுள்ளன. கிளறாத பானையில் எடுத்த சோறுபோல, நம் தெருக்களை விட்டுவிட்டுத் திரட்டிய விவரங்களால் அவை கற்பிக்கப்பட்டால், பழைய அநீதியே புதிய உருவில் வந்து நிற்கும். அதனைக் கண்டு சுட்டிக்காட்ட, நம் தெருவை அறிந்தவர் ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். இதுவரை நாம் பெரும்பாலும் எண்ணப்பட்டவர்களாகவே இருந்தோம். இனி எண்ணுகின்றவர்களாகவும், எண்ணும் முறையைக் கற்பிக்கின்றவர்களாகவும் ஆதல் வேண்டும்.

நம் கல்விக் கழகத்தின் விளக்கொளியில் பயின்ற ஒரு பிள்ளை, பொன்விழா மலர் வெளிவரும் நாளில் புள்ளியியல் பேராசிரியராக அதற்குக் கட்டுரை வழங்கட்டும் என வாழ்த்தி அமைகின்றேன்.